வளைஞ்ச இறக்கைக்கு வெந்நீர்

தம்பி,

நீ அனுப்பின போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். டிஃபையன்ட் போர் விமான மாடல் கிட்டோட கீழ் இறக்கை மேசையில உட்காராம ஒரு முனையைத் தூக்கிக்கிட்டு நிக்குது. உடல் பாதி ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா மூக்கும் வாலும் ஒட்டுது, நடுவுல நகம் நுழையற அளவுக்கு இடைவெளி. "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கட்டுமாக்கா?"ன்னு கேட்டிருக்கே. வேண்டாம்டா. உடைஞ்ச பாகத்தாலயும் காணாமப் போன பாகத்தாலயும் எனக்கு கிட் வீணாகியிருக்கு. வளைவுனால ஒண்ணுகூட வீணானதில்ல.

அதுவும் இந்த விமானத்தைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. பிரிட்டிஷ் விமானப்படையில டிஃபையன்ட்டை முதல்ல வாங்கிப் பறந்தது 264-வது ஸ்க்வாட்ரன். அதோட முழுப்பேர் 264 மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்க்வாட்ரன். போர்க்காலத்துல நம்ம மாகாணத்துலேர்ந்து போன பணத்துக்கு நன்றியா அந்தப் பேர். முன்னாடி சுடற துப்பாக்கி ஒண்ணுகூட இல்லாம, முதுகுல இருக்கற சுழல் கூண்டுக்குள்ள நாலு பிரவுனிங் துப்பாக்கியை வெச்சுக்கிட்டு 1940-ல டன்கர்க் மேல பறந்தவங்க. ஆயிரத்துச் சொச்சம் டிஃபையன்ட் செஞ்சாங்க. இன்னிக்கு முழுசா மிஞ்சி நிக்கறது ஒண்ணே ஒண்ணு, பிரிட்டன்ல ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்துல. அதனால உன் மேசையில இருக்கறது ஒழுங்கா நிமிர்ந்து நிக்கணும்னு எனக்கு ஆசை.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். இன்னிக்கு ராத்திரி அதைக் கையால நிமிர்த்திப் பார்க்காதே. பச்சையா வளைச்சா வளைச்ச இடத்துல வெள்ளைக் கோடு விழும். அந்த இடம் உள்ளுக்குள்ள கிழிய ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தினா பிஞ்சு வெண்டைக்காய் நுனி மாதிரி பட்டுன்னு ஒடியும். வாடின வெண்டைக்காய் அப்படி ஒடியாது, சொன்னபடி வளையும். பிளாஸ்டிக்கை அந்தப் பதத்துக்குக் கொண்டுவர்றதுதான் நம்ம வேலை.

ஏன் வளையுது?

மொட்டை மாடியில பாட்டி அப்பளம் காயப்போட்டது ஞாபகம் இருக்கா? ஓரம் சீக்கிரம் காயும், நடுவுல ஈரம் நிக்கும், அப்பளம் கிண்ணம் மாதிரி சுருளும். இங்கேயும் ஏறக்குறைய அதே கதைதான், ஈரத்துக்குப் பதிலா சூடு. கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதை 200 டிகிரிக்கு மேல உருக்கி, இரும்பு அச்சுக்குள்ள அழுத்தமாத் தள்ளி, கொஞ்ச நேரத்துலயே குளிர வெச்சு, ஊசி மாதிரி கம்பிகளால பின்னாலேர்ந்து குத்தி வெளியே தள்ளுவாங்க. பாகத்தோட உள்பக்கம் வட்ட வட்டமா தழும்பு இருக்கே, அது அந்தக் கம்பி பட்ட இடம். மெல்லிசான முனை முதல்ல குளிர்ந்து இறுகிடும். தடிமனான அடிப்பகுதி மெதுவாக் குளிர்ந்து, சுருங்கறப்போ முனையையும் சேர்த்து இழுக்கும். அந்த இழுப்பு அப்படியே உறைஞ்சு உள்ள நிக்குது. அப்புறம் பெட்டிக்குள்ள நெருக்கி அடுக்கறது, வெயில்ல நிக்கற கூரியர் வண்டி, இதெல்லாம் மிச்சத்தைப் பார்த்துக்கும்.

பாலிஸ்டைரீன் முழுசா இளகறது 100 டிகிரிக்குப் பக்கத்துல. அதுக்குக் கீழேயே, 70, 80 டிகிரியில, மெல்லிசான பாகம் கைக்கு இசைய ஆரம்பிக்கும். வெந்நீரை நான் நம்பறதுக்குக் காரணம் இதுதான். தண்ணி என்ன கொதிச்சாலும் 100-ஐத் தாண்டாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடு கொடுக்கும். ஹேர் டிரையரும் மெழுகுவர்த்தியும் அப்படி இல்ல. ஒரு இடம் உருகி வழியறப்போ பக்கத்து இடம் இன்னும் விறைப்பா நிக்கும். ஹேர் டிரையரால நல்லாப் பண்றவங்க இருக்காங்க, ஆனா முதல் தடவை பண்ற உனக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

முதல்ல, அது நிஜமாவே கோணலா?

இந்த இடத்துல அவசரப்படாதே, தம்பி. பாதிப் பேர் இங்கதான் நல்ல பாகத்தைக் கெடுக்கறாங்க. இறக்கையைக் கண்ணாடி மேல வெச்சு, ஆடுது, அப்போ கோணல்னு முடிவு பண்ணிடறாங்க. விமான இறக்கையோட அடிப்பக்கம் பலகை மாதிரி தட்டையா இருக்காது, லேசாப் புடைச்சிருக்கும். ஆடத்தான் செய்யும். இன்னொண்ணு, நிஜ விமானத்துலேயே சில இறக்கைகள் வேணும்னே முறுக்கினவை. ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கோ. அதோட இறக்கை உடலோட சேர்ற இடத்துல 2 டிகிரி மேல் நோக்கியும், முனையில அரை டிகிரி கீழ் நோக்கியும் இருக்கும். வேகம் குறையறப்போ முனை முதல்ல தளர்ந்து விமானம் புரண்டுடக் கூடாதுன்னு அதை வடிவமைச்ச மிட்செலோட குழு கணக்குப் போட்டு வெச்ச முறுக்கு அது. வாஷவுட்னு பேர். நல்ல கிட்டுல அதையும் அச்சுல கொண்டு வந்திருப்பாங்க. அதைக் கோணல்னு நினைச்சுத் தட்டையாக்கிட்டா, நல்லா இருந்ததைக் கெடுத்ததாகிடும்.

அதனால இப்படிப் பாரு. வலது இறக்கையையும் இடது இறக்கையையும் ஒப்பிடு. பின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரா, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கேரம் போர்டுல குறி பார்க்கற மாதிரி பாரு. ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஒரே திசையில முறுக்கினா அது வடிவமைப்பு. ஒரு பக்கம் மட்டும்னா கோணல். உன் போட்டோவுல இடது முனை மட்டும்தான் தூக்கியிருக்கு. அதனால உன்னோடது கோணல்தான்.

அடுத்தது, பாகம் இன்னும் ஸ்ப்ரூலயே, அதாவது பாகங்கள் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டத்துலயே, இருக்கான்னு பாரு. சில சமயம் கோணல் பாகத்துல இருக்காது, சட்டம்தான் முறுக்கிக்கிட்டு பாகத்தையும் பிடிச்சு இழுக்கும். வெட்டி எடுத்தவுடனே பாகம் தானா நேராகிடும். வெட்டறப்போ பாகத்தை ஒட்டி வெட்டாதே. முதல்ல தள்ளி, பாகத்தைச் சட்டத்தோட இணைக்கற எல்லாக் கழுத்தையும் சட்டத்துப் பக்கமா வெட்டி விடுவிச்சுட்டு, அப்புறம் மிச்சத்தை நிப்பரால நறுக்கு. இறுக்கத்துல இருக்கற பாகத்தை ஒட்டி வெட்டினா, கடைசிக் கழுத்து விடுபடறப்போ துள்ளிக் கிழிச்சுக்கிட்டு வரும்.

வெட்டினதும் கை பொறுக்கற சூட்டுத் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு எல்லாத்தையும் பழைய டூத் பிரஷால கழுவிடு. அச்சுல ஒட்டாம இருக்கத் தடவின எண்ணெய்ப் பசை போயிடும். பெயிண்ட்டும் நல்லாப் பிடிக்கும்.

கடைசியா ட்ரை ஃபிட், அதாவது பசை போடாம மாஸ்கிங் டேப்பால மட்டும் சேர்த்துப் பார்க்கறது. மேல் இறக்கையைக் கீழ் இறக்கையோட சேர்த்து டேப் போட்டுப் பாரு. மேல இருக்கறது ஒரு பக்கம் வளைஞ்சும் கீழ இருக்கறது எதிர்ப்பக்கம் வளைஞ்சும் இருந்தா, ஒண்ணை ஒண்ணு சரிபண்ணிக்கும். ஒரு மில்லிமீட்டர் கோணலுக்கெல்லாம் வெந்நீர் வேண்டாம். டேப்பும் பசையும் போதும். விரல் நுனியில லேசாத் தொட்டாலே சேர்ந்துடுதுன்னா அதைச் சூடு பண்ணாதே. ரெண்டு விரலால அழுத்திப் பிடிச்சாதான் சேருதுன்னா, அப்போ வெந்நீர்.

வெந்நீர் வேலை

சமையல்கட்டுல அம்மா வேலை முடிச்சப்புறம் ஆரம்பி. மாவு பிசையற அகலமான பேசின் ரெண்டு எடுத்துக்கோ. 72-ல ஒரு பங்கு அளவுல டிஃபையன்ட்டோட இறக்கை நீளம் பதினாறரை சென்டிமீட்டர் வரும், அதோட ஒரு பக்கமாவது முழுசா முங்கணும். ஒண்ணுல வெந்நீர், இன்னொண்ணுல ஐஸ் கட்டி போட்ட தண்ணி. தண்ணியைக் கொதிக்க வெச்சு, அடுப்பிலேர்ந்து இறக்கி, பேசின்ல ஊத்தி ரெண்டு மூணு நிமிஷம் விடு. சமையல் தெர்மாமீட்டர் இருந்தா 75 டிகிரியில ஆரம்பி. காய்ச்சல் பார்க்கற தெர்மாமீட்டரை மட்டும் அதுல போட்டுடாதே, 42-க்கு மேல அதுல அளவே கிடையாது.

அடுப்பு மேலயே கொதிச்சுக்கிட்டிருக்கற தண்ணியில எதையும் போடாதே. நான் ஒரு தடவை வால் இறக்கையை அப்படிப் போட்டேன். அந்த நேரம் போன் வந்தது. பேசிட்டுத் திரும்பி வந்தப்போ பாத்திரத்தோட அடியில பட்ட ஓரம் அலை அலையாப் போயிருந்தது, நீளமும் குறைஞ்சிருந்தது. நீளம் ஏன் குறைஞ்சதுன்னு அப்போ புரியல. அச்சுக்குள்ள பாயறப்போ பிளாஸ்டிக் இழுபட்ட நிலையிலேயே உறைஞ்சிருக்கு. இளகற அளவுக்குச் சூடு கொடுத்தா பழையபடி சுருங்கப் பார்க்கும். இதே குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தி மேல காட்டி இழுத்தா முடி மாதிரி நூல் வரும். ரெண்டு அடுக்கு இறக்கை இருக்கற பைப்ளேன் மாடல்ல கம்பியா அதைத்தான் ஒட்டறோம். ஒட்டின நூல் தொய்வா இருந்தா ஊதுபத்தி நெருப்பைப் படாம பக்கத்துல கொண்டுபோ, சுருங்கித் தந்தி மாதிரி விறைச்சுக்கும். ஆனா இறக்கைக்கு அந்தச் சுருக்கம் ஆகாது. அதனாலதான் 100-ஐ விட்டு விலகியே நிக்கச் சொல்றேன்.

சரி, இறக்கைக்கு வா. உனக்கு இடது பக்கம்தான் கோணல். அதனால இடது பக்கத்தை மட்டும் முக்கு. நடுப்பாகமும் வலது பக்கமும் தண்ணிக்கு வெளியே இருக்கட்டும். நேரா இருக்கறதை எதுக்குச் சூடு பண்ணணும்? பதினஞ்சு விநாடி முக்கி எடுத்து, முனையைப் பிடிச்சு ரொம்ப லேசா அசைச்சுப் பாரு. விறைப்பா இருந்தா இன்னும் பத்து விநாடி. அப்பவும் மாட்டேன்னா பலத்தைக் கூட்டாதே, சூட்டை அஞ்சு டிகிரி கூட்டு. இசைஞ்சு வர்ற நொடி கைக்கே தெரியும். எதிர்ப்பு சட்டுன்னு குறையும்.

அந்த நொடியில கோணலுக்கு எதிர்த் திசையில, நேர்க்கோட்டைத் தாண்டி ஒரு துளி அதிகமாத் திருப்பு. மூணு மில்லிமீட்டர் தூக்கியிருந்தா நாலு மில்லிமீட்டர் இறக்கு. விட்டவுடனே கொஞ்சம் பழைய இடத்துக்குத் திரும்பும், அதுக்குத்தான் அந்த அதிகப்படி. பிடிச்ச பிடியை விடாம அப்படியே ஐஸ் தண்ணிக்குள்ள கொண்டுபோ. உள்ளேயே முப்பது விநாடி பிடி. பாகத்தைச் சூடு பண்றதை விட, குளிர்ற வரைக்கும் கை அசையாம பிடிக்கறதுதான் கஷ்டம். இங்க பொறுமை போனா மறுபடி முதல்லேர்ந்து வரணும்.

துடைச்சுட்டு வலது பக்கத்தோட ஒப்பிட்டுப் பாரு. ஒரே தடவையில சரியாகணும்னு எதிர்பார்க்காதே. நான் பெரும்பாலும் மூணு தடவை முக்குவேன். நடுவுல தண்ணி ஆறிடும், மறுபடி சுட வை. நீளவாக்குல வில் மாதிரி வளைஞ்ச பாகம்னா வேற வழி. அதை ஸ்டீல் ஸ்கேல் மேல வெச்சுப் பருத்தி நாடாவால தளர்வாக் கட்டி, ஸ்கேலோட சேர்த்து முக்கி, ஸ்கேலோட சேர்த்தே குளிர வை. ரப்பர் பேண்ட் போடாதே, இளகின பிளாஸ்டிக்ல அதோட தடம் பள்ளமா விழும். விரலுக்குக் கையுறை போட்டுக்கோ. சுடறதுக்காக மட்டும் இல்ல, நகம் பதிஞ்சா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறப்போ பேனல் கோடும் சேர்ந்து அழியும்.

நேரானப்புறம் ஒரு நாள் மேசையிலேயே விட்டு வை. மறுநாள் காலையில மறுபடி அளந்து பாரு. லேசாத் திரும்பியிருந்தா, மேல் இறக்கையை ஒட்டறதுக்கு முன்னாடி உள்பக்கம் நீளவாக்குல ஒரு முட்டு கொடு. ஒரு மில்லிமீட்டர் பித்தளைத் தண்டு சூப்பர் குளூவால ஒட்டினா போதும், இல்லேன்னா தடிமனான ஸ்ப்ரூத் துண்டு. டிஃபையன்ட்டோட வெளி இறக்கை மேல்நோக்கிச் சாயும், அதனால தண்டை அந்தச் சாய்வுக்குள்ளேயே நிறுத்து, நடுப்பாகத்துக்குள்ள நேரா ஓட்டினா சாய்வையே நிமிர்த்திடும்.

உடல் பாதி

உடலுக்கு நான் விரும்பிப் பண்றது வேற மாதிரி. காக்பிட் எதுவும் உள்ள வைக்காம, ரெண்டு பாதியையும் சேர்த்து ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு இடத்துல மாஸ்கிங் டேப் சுத்து. இடைவெளி இருக்கற நடுவுல ரெண்டு சுத்து. அப்படியே முழுசா 70 டிகிரி தண்ணியில முக்கி, இருபது விநாடி கழிச்சு ஐஸ் தண்ணியில போடு. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டே குளிர்றதால ஒண்ணோட வடிவத்தை இன்னொண்ணு எடுத்துக்கும். டேப் நனைஞ்சு விடும், அதனால ஐஸ் தண்ணிக்குள்ள விரலாலயும் பிடிச்சுக்கோ. எடுத்ததும் உள்ள இருக்கற தண்ணியை உதறிக் காய வை. ஈரத்துல பிளாஸ்டிக் ஒட்டற சிமெண்ட் பிடிக்காது.

பாதிகள் உள்பக்கமா ஒடுங்கியிருந்தா இது உதவாது. அப்போ ஸ்ப்ரூவைச் சரியான அகலத்துக்கு வெட்டி, உள்ள குறுக்கா ஒட்டி விரிச்சு நிறுத்தணும். டிஃபையன்ட்டுல சுழல் கூண்டுக்குப் பின்னாடி இதுக்கு நிறைய மறைவிடம் இருக்கு, வெளியே தெரியாது.

ஒட்டறப்போ முழு நீளத்தையும் ஒரே மூச்சுல ஒட்டாதே. மூக்குல ஆரம்பிச்சு மூணு சென்டிமீட்டர் சரியாச் சேர்த்துப் பிடி. மெல்லிசான சிமெண்ட், டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி எதுவானாலும் சரி, பிரஷ் நுனியில எடுத்து மூட்டுல தொட்டா தானா உள்ள ஓடும். ஒரு மணி நேரம் விடு. அப்புறம் அடுத்த மூணு சென்டிமீட்டர். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு பண்ணு, அந்த வாசனை தலைவலி கொடுக்கும். முழுசா முடிஞ்சப்புறம் டேப்பை ஒரு ராத்திரி பிரிக்காதே. இந்த சிமெண்ட் பிளாஸ்டிக்கையே கரைச்சுப் பிணைக்கறது. அது இறுகறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்தா, நடு வளைவு மூட்டைப் பிளந்துக்கிட்டு வெளியே வரும். புட்டி போட்டு மறைச்சாலும் பெயிண்ட் அடிச்சப்புறம் அந்த விரிசல் மறுபடி தலைகாட்டும்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். ப்ரொப்பெல்லர், சக்கரக் கால், துப்பாக்கிக் குழல் இதையெல்லாம் முக்கவே வேண்டாம், குழாய் வெந்நீர்ல காட்டி விரலால நீவினா போதும். சுழல் கூண்டு, காக்பிட் மூடி மாதிரி கண்ணாடி பாகத்தைச் சூடு பண்ணாதே. அந்த பிளாஸ்டிக் சாம்பல் நிறத்தை விடச் சீக்கிரம் ஒடியும், நுண்ணிய விரிசல் விழுந்தா திரும்ப எடுக்க முடியாது. அது சேரலேன்னா அதுக்கு ஏத்த மாதிரி உடலோட திறப்பைத்தான் உப்புத்தாளால தேய்ச்சுச் சரி பண்ணணும். பின்னாடி ரெசின் பாகம் வெச்சு ஏதாவது கட்டினா, அது வெந்நீர்ல ரப்பர் மாதிரி துவளும், பயப்படாதே, குளிர்ந்ததும் இறுகிடும். ஆனா ரெசினைத் தேய்க்கறப்போ தண்ணி தொட்டுத் தேய், மாஸ்க் போட்டுக்கோ. அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்ல.

இனிமே வாங்கற கிட்டைப் பரண்ல போடாதே. சித்திரை வெயில்ல நம்ம வீட்டு மாடி அறைப் பரண் எப்படிக் கொதிக்கும்னு உனக்கே தெரியும். கீழ் அறை அலமாரியில, பெட்டியைப் படுக்க வெச்சு, மேல எதையும் அடுக்காம வை.

எல்லாம் ஒட்டி முடிச்சப்புறம், பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, நேரா இருக்கற மேசை ஓரத்துல வெச்சு நேர் எதிர்லேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ரெண்டு இறக்கை முனையும் மேசையிலேர்ந்து எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்கேல் வெச்சு அளந்து அதையும் எழுது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்னா அப்படியே பெயிண்ட்டுக்குப் போ. ரெண்டுக்கு மேலன்னா எனக்கு போன் பண்ணு, ஞாயித்துக்கிழமை நான் வர்றப்போ பேசினை எடுத்து வை, சேர்ந்து பார்க்கலாம்.